காத்திருக்கத் தெரியாத கள்ளு

கனடாவில் இருக்கிற மச்சாள் ஒவ்வொரு கோடையும் நயாகராப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்குப் போய்ப் படம் அனுப்புவா. ஒரே நாளில் நாலைந்து சின்ன வைன் ஆலைகள். எல்லா இடத்திலும் கோப்பையில் இரண்டு மிடறு, நிழலில் ஒரு மேசை, பின்னால் வரிசை வரிசையாகக் கொடிகள். கடைசியில் ஒரு வரி: "உங்கை உங்களுக்கு இப்பிடி ஒண்டும் இல்லையே?"

இருக்கிறது. கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியில் ஏறக்குறைய 25 கிலோமீற்றர். வாதுவையில் தொடங்கி களுத்துறை, பயாகலை, மக்கொன, பேருவளை என்று கடலோரமாக நீளும் தென்னந்தோப்புகளில் தினமும் கள்ளு இறங்குகிறது. பக்கத்திலேயே வினாகிரிக் கொட்டில்கள், கள்ளு விற்கும் தவறணைகள், சாராயம் வடிக்கும் ஆலைகள். பெந்தோட்டை ஹோட்டலுக்குப் போகிற அவசரத்தில் நாங்கள்தான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. 2011இல் தெற்கு அதிவேகப் பாதை திறந்த பிறகு அந்த வழியால் போவதும் குறைந்துவிட்டது.

என்னோடு வேலை செய்கிற ஒரு சிங்களத் தோழிக்குத் தாய்வழி ஊர் வாதுவை. அவளுடைய மாமாவின் வளவில் உள்ள தென்னைகளைக் கள்ளுச் சீவக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை வரச் சொன்னாள். நான், என் வீட்டுக்காரர், சித்தப்பா மூன்று பேரும் புறப்பட்டோம். சித்தப்பாவுக்கு ஊர் பருத்தித்துறை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வெள்ளவத்தையில் இருக்கிறார். பனங்கள்ளைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் வேறு எவரும் வாய் திறக்க முடியாது. வான் ஓட்டினது என் வீட்டுக்காரர். ஆகவே அன்று முழுக்க அவருக்கு ஒரு சொட்டும் கிடையாது என்று வீட்டிலேயே முடிவு செய்தாயிற்று.

விடிய ஐந்து மணிக்கே வெளிக்கிட வேண்டியிருந்தது. வைன் ஆலைக்கு ஆறுதலாகப் பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அங்கே போத்தலில் இருப்பது போன வருடத்துச் சாறு, அல்லது பத்து வருடத்துக்கு முந்தியது. கள்ளுக்கு அந்தப் பொறுமை இல்லை. வெயில் ஏற ஏற அது வேறு ஒன்றாக மாறிக்கொண்டே போகும். இந்தத் தொழிலில் கயிறு, லொறி, ஆலை, சட்டம் என்று எதை எடுத்தாலும் அந்த அவசரத்துக்குக் கட்டுப்பட்டதுதான் என்பது அன்று பகல் போகப் போகத்தான் எனக்கு விளங்கியது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சீவுகிறவர் மேலே இருந்தார். கீழே நின்று பார்த்தால் முதலில் தெரிவது கயிறுகள்தான். ஒரு தென்னையின் வட்டிலிருந்து அடுத்த தென்னையின் வட்டுக்கு இரண்டு தும்புக் கயிறுகள். கீழ்க்கயிற்றில் பாதம், மேல்க்கயிற்றில் கை. இப்படியே தோப்பு முழுக்க மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். முதல் மரத்தில் மட்டும், அடிமரத்தோடு சேர்த்துக் கட்டிய பொச்சு மட்டைகளில் கால் வைத்து ஏறுவார். அதன் பிறகு நிலத்துக்கு வராமலே ஒவ்வொரு மரமாகப் போய்விடலாம். ஒவ்வொன்றையும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் பகலாகிவிடும், முதல் முட்டியில் இருந்தது புளித்துவிடும்.

கயிறு ஆடும். அவர் நடக்கும்போது நடுவில் நன்றாகத் தாழ்ந்து, மற்ற மரத்தை நெருங்க மறுபடி உயர்ந்தது. இடுப்பில் கத்தி, பாளை தட்டும் கட்டை, கள்ளு ஊற்றும் குடம். பாதுகாப்புக்கு என்று ஒரு வாரும் கிடையாது. உயரம் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மச்சாளுக்கு அனுப்புவதற்காக எடுத்த கைபேசியை அப்படியே பையில் போட்டுவிட்டேன்.

ஒவ்வொரு மரத்திலும் முட்டியைக் கழற்றி இடுப்புக் குடத்தில் ஊற்றுவார். குடம் நிரம்பியதும் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவார். கீழே நிற்கிற பையன் அதைப் பிளாஸ்ரிக் கானில் ஊற்றிவிட்டுக் குடத்தை மேலே அனுப்புவான். ஒரு மரம் நாளொன்றுக்குத் தருவது ஒன்றிரண்டு லீற்றர். கானை நிரப்ப எத்தனை வட்டுகளுக்குப் போய்வர வேண்டும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மழை பெய்தாலும் போக வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளையின் வெட்டுவாய் காய்ந்து ஊறல் நின்றுவிடும். காலையில் முட்டி இறக்கினவர் பின்னேரமும் மேலே போய்ப் பாளையைச் சீவிவிட்டு வருவார்.

வேலை முடிந்து இறங்கியபோது, ஊறல் ஓய்ந்துகொண்டிருந்த ஒரு பாளையை வெட்டி எங்களுக்குக் காட்டவென்றே கொண்டுவந்தார். என் முழங்கை நீளத்துக்கும் கூட. விரியாத பாளை. வெளி மடலைச் சுற்றி ஓலை நாரால் இடைவெளி இல்லாமல் வரிந்து கட்டியிருந்தது, பூ விரியக் கூடாது என்பதற்காக. கட்டிய பிறகு சில நாட்களுக்குக் கட்டையால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வருவார்களாம். பலமாகத் தட்டினால் உள்ளே பூ நசிந்து அழுகிவிடும், போதாமல் தட்டினால் ஊறல் இறங்காது. எவ்வளவு தட்ட வேண்டும் என்று கேட்டேன். கையைத்தான் தூக்கிக் காட்டினார். பிறகு நுனியில் நகத்தளவுகூடத் தடிப்பில்லாமல் ஒரு சீவல் எடுத்தார். வெட்டுவாய் தந்த நிறத்தில், உள்ளே பூங்கதிர்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாக நெருங்கி இருந்தன. கொஞ்ச நேரத்தில் அதில் ஈரம் பூத்தது. கையில் வாங்கிச் சாய்த்துப் பிடித்தேன். ஒரு சொட்டு மணிக்கட்டில் விழுந்தது. நக்கிப் பார்த்தால் தனி இனிப்பு, வெறி என்று ஒன்றும் இல்லை. ஒரு நிமிடத்துக்குள் எங்கிருந்தோ எறும்பு வந்துவிட்டது.

கானில் இருந்த கள்ளிலும் எறும்பும் தேனீயும் மிதந்தன. தென்னை மட்டையின் அடியிலிருந்து உரித்த பன்னாடையை வாயில் வைத்து வடித்தார்கள். சித்தப்பாவுக்கு அதைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியே, இதெல்லாம் இஞ்சையும் ஒண்டுதான்" என்றார்.

ஒரு வாய் குடித்தேன். மோருக்கும் சோடாவுக்கும் நடுவில் ஒரு இடம். இனிப்பு இன்னும் இருக்கிறது, அதன் மேல் ஒரு கூர், தொண்டையில் மெல்லிய கிச்சுக்கிச்சு. மேலே சொட்டாக விழுந்தபோது சீனித் தண்ணீராக இருந்தது, முட்டியிலேயே புளிக்கத் தொடங்கிவிட்டது. ஈஸ்ட் என்று யாரும் போடுவதில்லை. காற்றிலும் பாளையிலும் நேற்றைய மண்டி ஒட்டிய முட்டியிலும் அது ஏற்கெனவே இருக்கிறது. சில மணி நேரத்தில் மதுசாரம் ஐந்தாறு சதவீதத்துக்கு வந்துவிடும். பிறகு அசற்றிக் அமில பக்டீரியாக்களின் முறை. ஒரு நாள் கடந்தால் வினாகிரியின் பக்கம் சாயத் தொடங்கிவிடும். இனிப்பாகவே வேண்டுமென்றால் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூச வேண்டும். எங்கள் ஊரில் கருப்பணி இறக்குவது அப்படித்தான். இந்தப் பக்கம் உள்நாட்டில் கித்துள் பனையில் பாணியும் கருப்பட்டியும் காய்ச்சுகிறவர்களுக்கும் புளிக்காத ஊறல்தான் வேண்டும்.

சித்தப்பா இரண்டாவது கிளாசையும் முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"தென்னங்கள்ளு குறையில்லை, பிள்ளை. உடம்புக்குக் குளிர்ச்சி. ஆனால் பனங்கள்ளிலை ஒரு உறைப்பிருக்கு, அது இதிலை இல்லை. அதோடை கிளாசிலை குடிக்கிறது குடியே? பிளாவிலை வாத்துக் குடிக்க வேணும். அந்தப் பச்சை ஓலை வாசமும் சேர்ந்துதான் கள்ளு."

"அப்ப இதைக் குடியாமல் விட்டிருக்கலாமே சித்தப்பா?"

"விருந்துக்கு வந்த இடத்திலை மறுக்கிறதே!"

பனைக்கும் தென்னைக்கும் பெரிய வித்தியாசம் காலம். பனை பருவத்துக்குத்தான் தரும், தென்னை வருடம் முழுக்கத் தரும். தெற்கில் இது ஆலைத் தொழிலாக வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சித்தப்பாவின் ஊருக்குப் பக்கத்திலும் ஒரு வடிசாலை உண்டு, திக்கத்தில். அதன் பனஞ்சாராயத்தின் பெயரை எடுத்தாலே வடமராட்சிக்காரர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வானில் ஏறிய பிறகு சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவராகவே சொன்னார். அவருடைய அப்பா விடிய ஒரு பிளா கள்ளுக் குடிக்காமல் தோட்டத்துக்குப் போனதே இல்லை. அதைக் கொண்டுவந்து தந்த மனிதர் ஒரு நாளும் விறாந்தையில் கால் வைத்ததில்லை, படலையடியில் நின்றே ஊற்றிவிட்டுப் போவார். "நாங்கள் இண்டைக்கு அந்த மனிசன்ரை வீட்டு வாங்கிலை இருந்து தேத்தண்ணி குடிச்சம், கண்டியே" என்றார், வாதுவைக்காரரை நினைத்து. யாழ்ப்பாணத்தில் கள்ளைப் பற்றி எத்தனையோ பகிடிகளும் பாட்டுகளும் உண்டு. சீவினவர்களை எந்த இடத்தில் நிறுத்தி வைத்தோம் என்று பேசுகிறவர்கள் குறைவு. தெற்கிலும் இந்தத் தொழில் சாதியோடு பின்னியதுதான், ஆனால் அதை எழுத வேண்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

ஒன்பது மணிக்கே லொறி வந்து கான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. கள்ளைக் கொண்டுபோகவும் மதுவரித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. லொறி போன ஆலைக்குள் நாங்கள் போகவில்லை, முன்கூட்டியே அனுமதி எடுத்திருக்க வேண்டும். ஆனால் தோழியின் மாமா அப்படியான ஓர் ஆலையில் வடிப்புப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முற்றத்தில் கதிரை போட்டு இருத்தி எல்லாவற்றையும் விளக்கினார். வந்து சேர்ந்த கள்ளைத் தாமதிக்காமல் வடிகலனில் ஏற்ற வேண்டும், விட்டால் மதுசாரம் அமிலமாகிக் காசு கரையும். முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி நடுவில் வருவதை எடுப்பது ஒரு கலை. ஆவியின் வாசத்திலேயே எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்கிற பழைய கைகள் இருந்தார்களாம்.

நான் மனக்கணக்குப் போட்டேன். 6 சதவீதக் கள்ளை 36 சதவீதச் சாராயமாக்க, ஒரு துளிகூட வீணாகாவிட்டாலும் ஆறு போத்தலுக்கு ஒரு போத்தல். இதைச் சொன்னதும் மாமா சிரித்தார். "அதனால்தான் கடையில் விற்கிற எல்லாமே தென்னஞ்சாராயம் இல்லை" என்றார். கொழும்பில் குடிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை, 'பொல்' வேறு, 'கல்' வேறு. முதலாவது தென்னை. இரண்டாவதில் சீனி ஆலை மொலாசஸில் வடித்த ஸ்பிரிட் கலந்திருக்கும், விலையும் குறைவு. சுத்தத் தென்னஞ்சாராயத்தை ஹல்மில்ல மரப் பீப்பாக்களில் வருடக் கணக்கில் ஊற வைப்பார்கள். வன்னியிலும் கிழக்கிலும் வளர்ந்த மரம் அது. ஆங்கிலேயர் அதற்குத் திருகோணமலை மரம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஆக, கள்ளு இறங்கியதும் சாராயம் வடிந்ததும் தெற்கில், அது தூங்கிப் பழுத்தது நம்முடைய பக்கத்து மரத்துக்குள்ளே.

இந்தக் கரையோரத்தில் பெரிய பெரிய பழைய வீடுகளைக் காணும்போதெல்லாம் சாராயம் நினைவுக்கு வரத்தான் செய்யும். ஒல்லாந்தரும் பிறகு ஆங்கிலேயரும் சாராயம் விற்கும் உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விட்டார்கள். அதை எடுத்த மொறட்டுவை, பாணந்துறைக் குடும்பங்கள் பலவும் அந்தப் பணத்தைக் கோப்பித் தோட்டத்திலும் பென்சில் செய்யும் காரீயத்திலும் காணியிலும் போட்டுப் பெருஞ்செல்வர் ஆயின. மொறட்டுவை டி சொய்சா குடும்பத்தின் ஆரம்பமும் சாராயக் குத்தகைதான். அந்தக் காசில் வைத்தியசாலையும் பாடசாலையும் எழுந்தன. அதே காலத்தின் மறுபக்கம் மதுவிலக்கு இயக்கம். 1904இல் ஒரு அலை, 1912இல் புதிய மதுவரிச் சட்டம் தவறணைகளைப் பெருக்கும் என்று கிளம்பிய இன்னொரு அலை. எஃப். ஆர். சேனநாயக்கவும் பின்னாளில் முதல் பிரதமரான டி. எஸ். சேனநாயக்கவும் டி. பி. ஜயதிலக்கவும் பொதுமேடைக்குப் பழகியது அந்தக் கூட்டங்களில்தான். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது ஆங்கிலேயர் பிடித்து உள்ளே போட்ட பெரியவர்களில் பலர் மதுவிலக்குக்காரர்கள். சுதந்திர இலங்கையின் அரசியல் ஒரு பங்கு சாராயக் காசிலும் ஒரு பங்கு சாராய எதிர்ப்பிலும் வளர்ந்தது என்று சொன்னால் பெரிய பிழை வராது.

களுத்துறைப் பாலம் தாண்டி, போதி மரத்தடியில் நிறுத்தி எல்லாரையும் போல உண்டியலில் காசு போட்டோம். மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு தவறணை. வெளியே பலகை, உள்ளே சீமெந்து வாங்குகள், பிளாஸ்ரிக் சாடிகள், கடலை, அவித்த முட்டை. வாசலில் நின்றவர் சித்தப்பாவை வரவேற்றுவிட்டு என்னைப் பார்த்து மரியாதையாகவே தலையை ஆட்டினார். "மிஸ்ஸுக்குக் குடுக்க ஏலாது."

அவர் மேல் பிழை இல்லை. தவறணை வளவுக்குள் பெண்ணுக்கு மது விற்கவோ கொடுக்கவோ கூடாது என்ற விதி 1979இல் வந்தது. 2018 சனவரியில் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர அதை நீக்கினார். நாங்கள் சிலர் வாட்ஸ்அப்பில் வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் சொன்னார், சில நாட்களிலேயே பழைய நிலை. நட்சத்திர ஹோட்டலில் எனக்கு வைன் ஊற்றித் தருகிறவர்கள் விதியைப் பற்றி நினைப்பதே இல்லை. மலிவான கள்ளு விற்கிற இடத்தில் மட்டும் சட்டம் கண் முழித்திருக்கிறது. எனக்குக் கோபம் கள்ளுக் குடிக்க முடியவில்லை என்பதால் இல்லை, காலையில் வேண்டிய மட்டும் குடித்தாயிற்று. மரத்தடியில் முட்டி கழுவுவதும் கான் தூக்குவதும் அந்த வீட்டுப் பெண்கள். அவர்கள் கை படாமல் ஒரு கானும் லொறி ஏறவில்லை.

சித்தப்பா உள்ளே போய் ஒரு சாடியில் பாதி குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். "காலமை குடிச்சதுக்குப் பிறகு இது வாயிலை வைக்கேலாது. சீனியோ என்னவோ." போலிக் கள்ளு பற்றிப் பத்திரிகைகளில் வருகிற செய்திகள் எல்லாருக்கும் தெரியும். சீனியையும் இரசாயனத்தையும் கரைத்துப் புளிக்க வைப்பது. இந்த இடத்தில் அப்படி நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன், மத்தியானம் இரண்டு மணிக்கு நல்ல கள்ளும் களைத்துத்தான் இருக்கும்.

பயாகலைப் பக்கம் ஒரு வினாகிரிக் கொட்டில். எனக்கு அன்று மிகவும் பிடித்த இடம் அதுதான். லொறிக்குக் கொடுத்து மிஞ்சிய, நேரம் தப்பிய கள்ளெல்லாம் இங்கே வருகிறது. இருட்டுக் கொட்டில், வரிசையாகப் பீப்பாக்கள், மூக்கைத் துளைக்கிற காரம், கண் கரிக்கும். வீட்டுக்காரம்மா ஒரு பீப்பாவின் மூடியைத் தூக்கி உள்ளே காட்டினார். மேலே மங்கலான ஆடை படர்ந்திருந்தது. காற்றுப் பட வேண்டும், ஆடை கலையக் கூடாது, அவசரப்படக் கூடாது. வாரங்கள், மாதங்கள் என்று கிடக்கும். காலையிலிருந்து எல்லாரும் ஓடிக்கொண்டிருந்த அதே கள்ளு இங்கே வந்துதான் ஆறி இருக்கிறது. அசற்றிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்த மலிவுப் போத்தல்களோடு இவருக்குப் போட்டி போட முடியவில்லை. சந்தைக்குக் கொண்டுபோனால் விலையைத்தான் பார்க்கிறார்களாம், லேபலை யாரும் வாசிப்பதில்லையாம். மாசிக்கருவாட்டு அச்சாறுக்கும் மலாய் அச்சாறுக்கும் இதைப் போட்டுப் பார்த்தவர்கள் திரும்ப மற்றதை வாங்க மாட்டார்கள். இரண்டு போத்தல் வாங்கினேன்.

வாதுவையில் சீவுகிறவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. மகன்கள் இருவரும் ஏறவில்லை. ஒருவன் கட்டாரில், மற்றவன் முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். "ஏறச் சொல்லி நான் கேட்கவும் இல்லை" என்றார். வளவுக்காரரின் கணக்கும் மாறுகிறது. 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தொட்டபோது கள்ளுக்கு விட்ட மரங்களைத் திரும்ப எடுத்தவர்கள் உண்டாம். பாளையைச் சீவினால் அந்தப் பாளையில் தேங்காய் இல்லை, இரண்டில் ஒன்றுதான். ஆலைக்காரர் வெளிநாட்டுச் சந்தைக்கு அழகான போத்தலில் தென்னஞ்சாராயம் அனுப்புகிறார்கள், லேபலில் கயிற்றில் நடக்கிற மனிதனின் படமும் இருக்கும். கயிற்றில் நடக்க அடுத்த ஆள் எங்கே என்பதற்குத்தான் தோப்பில் எவரிடமும் பதில் இல்லை. கித்துளுக்குச் செய்வதுபோல நிலத்தில் நின்று சீவக்கூடிய குட்டைத் தென்னை வைக்கலாமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கித்துளும் உயரம்தான் என்று தோழி திருத்தினாள். குட்டை இனங்கள் உண்டு, ஆனால் காணி வைத்திருக்கிறவன் அதையும் தேங்காய்க்குத்தான் வைப்பான்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். முழுநிலாப் போயா தினத்தில் போகாதீர்கள். மரம் அன்றும் தரும், ஆனால் விற்பனை முழுக்க மூடியிருக்கும். மே தொடங்கித் தென்மேல் பருவ மழைக் காலத்தில் கயிறு வழுக்கும், அவரைப் படத்துக்காக இன்னொரு தடவை நடக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் போவதுதான் நல்லது, காசும் கையில் கொடுங்கள். வீட்டுக்குக் கள்ளு கொண்டுவருவதானால் போத்தலில் முக்கால்வாசிதான் ஊற்ற வேண்டும், மூடியை இறுக்கவே கூடாது, மொறட்டுவைச் சந்தியில் வாகன நெரிசலில் நிற்கும்போது அது பொங்கும். குடிக்காவிட்டால் எறிய வேண்டாம். அரைத்த அரிசி மாவில் விட்டு இரவு மூடி வையுங்கள், விடிய ஆப்பம் சுடலாம். ஈஸ்ட் போட்ட ஆப்பத்தின் கரை இப்படி முறுகாது. வண்டி ஓட்டுகிறவருக்குச் செவ்விளநீர் வழியெல்லாம் கிடைக்கும், வீட்டுக்காரர் அன்று குடித்ததும் அதுதான். அடுத்த முறை நான் ஓட்ட வேண்டுமாம்.